பழி பனியின் மீதா?

பனிப்புயல் வந்தது, விமானம் நின்றது. இதற்கு யார் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால், தோழர்களே, 2022 டிசம்பரில் அமெரிக்காவை உலுக்கிய அந்தப் புயல் எல்லா விமானக் கம்பெனிகளின் மீதும்தானே வீசியது? மற்றவர்கள் சில நாட்களில் நிமிர்ந்துவிட்டார்கள். சவுத்வெஸ்ட் கம்பெனி மட்டும் மாத முடிவுக்குள் 16,900 விமானப் பயணங்களை ரத்து செய்து, இருபது இலட்சத்துக்கும் அதிகமான மக்களைக் கிறிஸ்துமஸ் வேளையில் தவிக்கவிட்டது.

ஒரு விமானம் ஒரு நாளில் ஒரே ஊருக்குப் போய்வருவதில்லை. காலையில் டென்வர், பகலில் பீனிக்ஸ், மாலையில் வேறோர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டென்வரில் பனி பெய்தால், பனியே காணாத பீனிக்சில் பயணி காத்துக்கிடப்பான். மற்றப் பெரிய கம்பெனிகள் சில மைய நிலையங்களிலிருந்து போய்த் திரும்புகின்றன. கோளாறை அங்கேயே ஓரளவு கட்டிப்போடலாம். சவுத்வெஸ்ட் விமானங்களோ ஊர்விட்டு ஊர் தாவுகின்றவை. கோளாறும் கூடவே தாவிற்று!

விமானத்தையாவது தேடிப் பிடித்துவிடலாம். விமானிகளும் பணிப்பெண்களும்? ஒன்றில் வந்திறங்கி இன்னொன்றில் ஏறுகிறவர்கள் அவர்கள். வேலை நேரத்துக்குச் சட்டம் வகுத்த வரம்பும் உண்டு. அது இருக்கத்தான் வேண்டும். வரிசை கலைந்தபோது அவர்களை மீண்டும் விமானங்களோடு இணைக்க வேண்டிய கணிப்பொறி ஏற்பாடு பழையது; திணறிப்போயிற்று. ‘இந்த ஊரில் இருக்கிறேன், வேலைக்குத் தயார்’ என்று சொல்லத் தொழிலாளி தொலைபேசியைப் பிடித்தபடி மணிக்கணக்கில் காத்திருந்தார். விமானம் உண்டு, ஓட்ட ஆள் உண்டு. யார் எங்கே என்பதுதான் முதலாளிக்குத் தெரியவில்லை! வேறு வழியின்றி, வழக்கமான பயணங்களில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் சில நாட்கள் நடத்தினார்கள்.

இது யாரும் எதிர்பாராததா? 2021 அக்டோபரிலேயே ஏறத்தாழ இரண்டாயிரம் பயணங்கள் ரத்தாகி எச்சரிக்கை மணி அடித்தது. இந்த ஏற்பாட்டை மாற்றுங்கள் என்று தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகளாகக் கூறிவந்தன. கேட்பாரில்லை.

2023 டிசம்பரில் அமெரிக்க அரசு 14 கோடி டாலர் தண்டம் விதித்தது. அதில் பெரும்பகுதி, இனி இப்படி நேர்ந்தால் பயணிகளுக்கு ஈடு கொடுப்பதற்கென ஒதுக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. புயலுக்கு இரண்டு வாரம் முன்புதான், 2020இல் நிறுத்திவைத்த இலாப ஈவை மீண்டும் தருவதாகப் பங்குதாரர்களுக்கு அந்தக் கம்பெனி அறிவித்தது. பங்கு ஒன்றுக்கு 18 சென்ட். 2023 ஜனவரி 31 அன்று பட்டுவாடா. அந்தத் தேதியைப் புயல் தொடவில்லை.