'ஐ-7' மயக்கம்

டெல்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லேமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு. ஊர் வேறு, பேச்சு வேறு. கடைக்காரர் நீட்டும் கொட்டேஷன் மட்டும் ஒரே மாதிரி. மேலே கொட்டை எழுத்தில் பிராசசர். அடுத்து ராம், டிஸ்க். அடியில், ஏதோ இலவச இணைப்பு போல, எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மானிட்டரும். பாகம் பாகமாக வாங்கி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் சேர்க்க நினைக்கும் நடுத்தரக் குடும்பம் கோட்டை விடுவது அந்தக் கடைசி இரண்டு வரிகளில்தான்.

மயக்குவது முதல் வரி. 'ஐ-7' என்ற பெயர் 2008-லிருந்து இருக்கிறது. விஷயம் பெயரில் இல்லை, அதைத் தொடரும் எண்ணில் இருக்கிறது. 4770 என்றால் அது 2013-ல் வந்த நான்காம் தலைமுறை. 2022-ல் வந்த எளிய ஐ-3 12100, அதே 4 கோர்களை வைத்துக்கொண்டு அதைச் சுலபமாக முந்திவிடும். போதாக்குறைக்கு, விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. 'மலிவாக ஒரு ஐ-7' என்பது பெரும்பாலும் இந்தச் சரக்குதான்.

இன்னொரு பொறி, எண்ணின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுத்து. இன்டெல் பிராசசரில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறையும். தனியாக கிராஃபிக்ஸ் கார்டு வாங்காவிட்டால் திரையில் ஒன்றும் வராது.

2025-ன் பிற்பகுதியில் ராம் விலை எகிறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போனதே முக்கியக் காரணம். இந்த மாதிரி நேரத்தில் பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் கை வைக்கப்படுவது எதில்? எஸ்.எம்.பி.எஸ்.ஸில். கேபினெட்டோடு 'ஃப்ரீ'யாக வரும் பெட்டியே போதும் என்று தீர்மானமாகிவிடுகிறது.

அது விபரீதமான சிக்கனம். வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லா பாகங்களுக்கும் கொடுப்பது அந்தப் பெட்டிதான். தரமான பெட்டி, கோளாறு வந்தால் தானே அணைந்துவிடும். மட்டமானது சாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போகக்கூடும். '80 பிளஸ்' முத்திரை குறைந்தபட்ச அடையாளம்: 20, 50, 100 சதவீத சுமைகளில் மின்சாரத்தில் 80 சதவீதமாவது வீணாகாமல் பயன்படுகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. அதனால் பெயருள்ள தயாரிப்பு, சில வருட வாரண்டி இரண்டும் வேண்டும். யு.பி.எஸ்.ஸிலும் கணக்கு உண்டு. பரவலாக விற்கும் 600 வி.ஏ. ரகம் தாங்குவது சுமார் 360 வாட்தான். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு மாட்டினால், கரண்ட் போன நொடியில் அதுவும் படுத்துவிடலாம்.

மானிட்டர் விஷயத்தில் ஏமாற்றுவது அங்குலம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 புள்ளிகள். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82-தான். சுழியும் கொம்பும் நிறைந்த தமிழ் எழுத்துகளை நாள்பூராவும் படிக்கிறவருக்கு வித்தியாசம் தெரியும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560-க்கு 1440 இருக்க வேண்டும். அப்போது 109 புள்ளிகள். பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். திரை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டாண்ட் இரண்டும் கூடுதல் பணத்துக்குத் தகுந்தவை. பிராசசர் பழசாகும், நல்ல மானிட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்கும் உழைக்கும். வரியும் இப்போது சாக்கு அல்ல. 32 அங்குலம் வரையிலான மானிட்டர்களுக்கு ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28-லிருந்து 18 சதவீதமானது. 2025 செப்டம்பர் 22 முதல் அதைவிடப் பெரியவற்றுக்கும் 18 சதவீதம்தான்.

அந்த 18 சதவீதத்தை மிச்சப்படுத்தத்தான் "பில் வேணுமா, வேண்டாமா?" என்ற கேள்வி வருகிறது. கம்பெனி கம்ப்யூட்டர் என்றால் மொத்தத்துக்கும் ஒருவர் பொறுப்பு. சொந்தமாகச் சேர்த்ததில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனி வாரண்டி, தனித்தனி சர்வீஸ் சென்டர். சீரியல் எண் எழுதிய பில் இல்லாவிட்டால் அங்கே வாதாடுவது கஷ்டம்.

எனவே கொட்டேஷனை அடியிலிருந்து மேலே படிப்பது நல்லது. முதலில் மானிட்டர், எஸ்.எம்.பி.எஸ்.; பிறகு மதர்போர்டு; மீதிப் பணத்துக்கு எந்தப் பிராசசர் வருமோ அது. பின்னால் பணம் சேர்ந்தால் பிராசசரையும் ராமையும் மாற்றிக்கொள்ளலாம். கண்ணை மாற்ற முடியாது.