கால் ஏக்கர் போச்சு... படகும் போச்சு! ஆக்லாந்தின் வீட்டுக் கதை

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம் பிறந்தநாள் கொண்டாடும் விதமே தனி. ஜனவரி இறுதியில் ஒரு திங்கள்கிழமை லீவு விட்டு, வைட்டமாட்டா துறைமுகத்தில் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவார்கள். நகரம் உருவான 1840-லேயே முதல் போட்டி நடந்துவிட்டது. 'பாய்மரங்களின் நகரம்' என்பதுதான் ஊரின் செல்லப்பெயர். அங்குள்ள வெஸ்ட்ஹேவன் மெரினாவில் மட்டும் சுமார் 2,000 படகுகளை நிறுத்தலாம்.

சொந்தப் படகு என்றதும் கோடீஸ்வரர்களின் சொகுசுக் கப்பல்தான் நம் கண்ணுக்கு வரும். ஆனால், நியூசிலாந்தின் படகுக் கதை அங்கே தொடங்கவில்லை. 1920-ல் ஹாரி ஹைஎட் என்பவர் சிறுவர்களுக்காக ஒரு குட்டிப் படகை வடிவமைத்தார். நீளம் வெறும் 7 அடி. பெயர் 'பி-கிளாஸ்'. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பீட்டர் பிளேக், ரஸ்ஸல் கௌட்ஸ் போன்றவர்கள் சிறுவயதில் இதில்தான் காற்றோடு மல்லுக்கட்டப் பழகினார்கள். இந்த மாதிரிப் படகுகளைக் கடையில் வாங்க வேண்டும் என்றில்லை. அப்பாவோ, மாமாவோ சனி, ஞாயிறுகளில் பலகையை அறுத்து, ஒட்டி, பெயின்ட் அடித்து முடித்துவிடுவார்கள். எங்கே வைத்து? வீட்டுக் கொல்லைப்புறத்தில்.

அந்தக் கொல்லைப்புறம் கிடைத்ததில் அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு. சராசரிக் குடும்பத்தின் கனவு கால் ஏக்கர் மனை. நம் கணக்கில் 25 சென்ட், அதாவது நாலரை கிரவுண்ட்! 1937-ல் வெலிங்டனில் அரசு கட்டிய முதல் வீட்டுக்குக் குடும்பம் ஒன்று குடிபோனபோது, பிரதமர் மைக்கேல் ஜோசப் சாவேஜே மேஜையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போட்டோவுக்காகத்தான். ஆனாலும் சொன்னதைச் செய்தார்கள். குறைந்த வட்டியில் அரசே கடன் கொடுத்தது. 1950-களின் இறுதியில் இன்னொரு வசதியும் வந்தது. குழந்தைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையை மொத்தமாக முன்கூட்டியே வாங்கி, வீட்டுக்கு முன்பணமாகக் கட்டலாம். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் சொந்த வீடு, சுற்றித் தோட்டம், ஓரத்தில் பாதி கட்டிய படகு என்று ஒரு தலைமுறை வாழ்ந்தது.

1991-ல் கதை மாறியது. அந்த உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அரசு வீடுகளின் வாடகை சந்தை விலைக்குப் போனது. அந்தக் காலகட்டத்தில் நான்கில் மூன்று பங்கு குடும்பங்களிடம் சொந்த வீடு இருந்தது. 2018 கணக்கெடுப்பில் அது 65 சதவிகிதத்துக்கு இறங்கிவிட்டது. சுமார் 70 ஆண்டுகளில் இதுதான் குறைவு.

வீடு, குடியிருக்கும் இடம் என்பதிலிருந்து பணம் பெருக்கும் இடமாக மாறியதுதான் இதற்குள் நடந்த பெரிய விஷயம். சம்பளத்துக்கு வரி உண்டு. வீட்டை விற்று வரும் லாபத்துக்குப் பெரும்பாலும் இல்லை. புத்திசாலி எங்கே முதலீடு செய்வான்? பிசினஸில் கொஞ்சம் காசு பார்த்ததும் ஒரு படகு, கடலோரத்தில் ஒரு 'பேச்', ஒரு பி.எம்.டபிள்யூ வாங்கிக்கொண்டு செட்டிலாகிவிடுவார்கள் என்று அந்நாட்டுக்காரர்களே தங்களைக் கிண்டல் செய்துகொள்வார்கள். 'பேச்' என்றால் விடுமுறைக்குப் போய்த் தங்கும் சின்ன வீடு. மூன்றுமே ஆங்கிலத்தில் 'பி'யில் தொடங்குவதால் 'மூன்று பி' என்று அதற்குப் பெயர்.

கொரோனா நேரத்தில் ரிசர்வ் வங்கி வட்டியை 0.25 சதவிகிதத்துக்குக் குறைக்க, 2021 இறுதியில் ஆக்லாந்தில் ஒரு நடுத்தர வீட்டின் விலை 13 லட்சம் நியூசிலாந்து டாலரை ஒட்டிப் போய்விட்டது. பிறகு வட்டி 5.5 சதவிகிதத்துக்கு ஏற, விலை இறங்கியது. இறங்கியும் 10 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. நம் பணத்தில் சுமார் 5 கோடி ரூபாய்.

அரசியல்வாதிகள் என்ன செய்தார்கள்? 2018-ல் ஜெசிந்தா ஆர்டெர்ன் அரசு, வெளிநாட்டவர் பழைய வீடுகளை வாங்கத் தடை போட்டது. ஆஸ்திரேலியர்களுக்கும் சிங்கப்பூர்க்காரர்களுக்கும் மட்டும் விலக்கு. கைதட்டல் பலமாகக் கிடைத்தது. ஆனால், அதற்கு முன் நாடு முழுக்க விற்ற வீடுகளில் வெளிநாட்டவர் வாங்கியது 3 சதவிகிதம் அளவுக்குத்தான். ஆக்லாந்தின் மையப் பகுதியில் அதிகம் என்பது உண்மைதான். என்றாலும், ஓட்டு இல்லாதவரைத் தடுப்பது எளிது. ஓட்டு உள்ள வீட்டுக்காரரிடம் வரி கேட்பதுதான் கஷ்டம். அந்த லாபத்துக்கான வரியை 2019-ல் ஆர்டெர்னே 'நான் தலைவராக இருக்கும்வரை இல்லை' என்று ஒதுக்கிவிட்டார். 10 ஆண்டுகளில் ஒரு லட்சம் வீடுகள் என்ற 'கிவிபில்ட்' இலக்கையும் அதே ஆண்டு கைவிட்டார்கள்.

வாங்கிய சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றால் மட்டும் வரி என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் காலம் 2015-ல் 2 ஆண்டு, 2018-ல் 5, 2021-ல் 10, ஆட்சி மாறிய பிறகு 2024-ல் மறுபடியும் 2. ஊஞ்சல்கூட இவ்வளவு ஆடாது.

உருப்படியாக நடந்த காரியம் ஒன்று உண்டு. அதற்குக் கைதட்டல் குறைவு. எங்கே எத்தனை வீடு கட்டலாம் என்ற விதிகளை 2016-ல் ஆக்லாந்து தளர்த்தியது. குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதல் வீடுகளுக்கு வழி திறந்தது. ஒரு வீடு இருந்த மனையில் நாலைந்து டவுன்ஹவுஸ்கள் எழுந்தன. வாடகை ஏற்றத்தை இது மட்டுப்படுத்தியதாக ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

இதற்கு விலையாகப் போனது அந்தக் கொல்லைப்புறம்தான். டவுன்ஹவுஸில் கார் நிறுத்தவே இடமில்லை. படகு டிரெய்லரை எங்கே வைப்பது? பழைய வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லித்தான் புதிய கட்டடங்களை எதிர்க்கிறார்கள். அவர்களுடைய வருத்தம் பொய்யல்ல. ஆனால், ஒருவரின் படகுக்கான இடமா, நான்கு குடும்பங்களுக்கான கூரையா என்றால் கூரைதான் முதலில். படகை கிளப்பில் வைத்துக்கொள்ளலாம். குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளப்பில் போய் வாழ முடியாது. 2024-ல் மட்டும் நாட்டை விட்டுப் போன குடிமக்கள், திரும்பி வந்தவர்களைவிட 40,000-க்கும் அதிகம். பெரும்பாலானோர் போவது பக்கத்து ஆஸ்திரேலியாவுக்கு.

அரசு கைவிட்டு எண்ணிக் கொடுக்கத் தயாரான படகுகளும் உண்டு, ஆனால் அவை வேறு ரகம். 2021-ல் ஆக்லாந்தில் அமெரிக்கா கோப்பையை நியூசிலாந்து அணி தக்கவைத்தது. அடுத்த போட்டியும் உள்ளூரில் நடக்க அரசும் மாநகராட்சியும் சுமார் 9.9 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை நீட்டின. வீடில்லாத குடும்பங்களை மோட்டல்களில் தங்கவைத்திருந்த சமயம் அது. போதாது என்று அணி பார்சிலோனாவுக்குப் போய்விட்டது.

2025 அக்டோபரில் லேபர் கட்சி, 2026 தேர்தலை மனதில் வைத்து, குடும்பம் வசிக்கும் வீட்டையும் பண்ணைகளையும் விட்டுவிட்டு மற்ற சொத்து விற்பனை லாபத்துக்கு 28 சதவிகித வரி போடுவோம் என்று அறிவித்தது. அதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்னால்தான் பிரதமர் கிறிஸ்டோபர் லக்சனின் அரசு வெளிநாட்டவர் தடையைக் கொஞ்சம் தளர்த்தப்போவதாக அறிவித்திருந்தது. முதலீட்டாளர் விசா வைத்திருப்பவர்கள் 50 லட்சம் டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஒரு வீட்டை வாங்கலாம், அல்லது கட்டிக்கொள்ளலாம். அந்த விலைக்கு வீடு தேடுகிறவர்கள் ஆக்லாந்தில் முதலில் எட்டிப்பார்க்கும் பகுதிகளில் ஒன்று ஹெர்ன் பே. அங்கிருந்து வெஸ்ட்ஹேவன் மெரினாவுக்கு நடந்தே போய்விடலாம்.