மண்வெட்டியோடு வருகிறேன்

அன்புள்ள நம் ஊர் மக்களுக்கு,

நான் சிங்கப்பூருக்கு வந்து 24 ஆண்டுகள் ஆகிவிட்டன. கோயில் கும்பாபிஷேகம், பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் இங்கிருக்கும் நம் பிள்ளைகள் கூடிப் பணம் அனுப்பியிருக்கிறோம். இந்த முறை நான் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதற்கு முன்னால் இங்கே சீனர்கள் கடைப்பிடிக்கும் ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நான் கேட்பது உங்களுக்குப் புரியும்.

அந்த நாளுக்குப் பெயர் சிங்மிங். ஹொக்கியன் பேசுகிறவர்கள் செங்பெங் என்பார்கள். தெளிவு, வெளிச்சம் என்று பொருள். சீனப் பண்டிகைகளில் பெரும்பாலானவை நிலவைப் பார்த்து வரும். இது சூரியனைப் பார்த்து வருவது. சூரியனின் ஓட்டத்தை 24 பருவங்களாகப் பிரித்துவைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாவது சிங்மிங். ஏப்ரல் 4 அல்லது 5, நமக்குச் சித்திரை பிறக்கப் பத்து நாள் இருக்கும்போது வரும். சீனாவில் அது குளிர் விட்டு மண் இளகும் காலம். விதைக்கிறவர்கள் வயலுக்குப் போவார்கள். பிள்ளைகள் பட்டம் விடுவார்கள். குடும்பம் குடும்பமாகப் பச்சை பார்க்க வெளியே கிளம்புவார்கள். அதே நாளில்தான் செத்துப்போன தாய் தகப்பனின் கல்லறைக்குப் போய்ப் புல் வெட்டிக் கூட்டிச் சுத்தம் செய்கிறார்கள்.

எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு ஆண்ட்டிக்கு எண்பது வயது நெருங்குகிறது. முழங்கால் வலி. மூன்று வருடமாக சிங்மிங் சமயத்தில் அவருடைய பைகளைத் தூக்கிக்கொண்டு நானும் போகிறேன். அவர் அப்பா புக்கிட் பிரவுன் இடுகாட்டில் இருக்கிறார். சுமார் ஒரு லட்சம் கல்லறைகள் உள்ள, காடு மூடிய மேடு அது. விடியுமுன்னே போய்விடுவோம். கையில் டார்ச், அரிவாள், தண்ணீர் கேன். வழியில் சில பணக்காரக் கல்லறைகளுக்கு முன்னால் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர் சிலைகள் நிற்கும். ஐயனார் கோயில் காவல்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும் எனக்கு.

கல்லறை சாய்வு நாற்காலி வடிவத்தில் இருக்கிறது. பின்னால் மண்மேடு, முன்னால் பெயர்க்கல். பக்கத்தில் சின்னதாக இன்னொரு கல். அது அந்த மண்ணுக்குரிய சாமி. முதல் ஊதுபத்தி அவருக்குத்தான். இடம் கொடுத்தவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் அப்பாவிடம் போக வேண்டும் என்பார் ஆண்ட்டி. ஆண்டு முழுக்கப் பார்த்துக்கொள்ளக் கூலிக்கு ஆள் உண்டு. ஆனாலும் அன்றைக்கு அவரே குனிந்து ஒரு பிடி புல்லாவது பிடுங்காமல் விடமாட்டார். பிறகு கல்லைக் கழுவி, மங்கிப்போன எழுத்துக்குச் சின்னத் தூரிகையால் வண்ணம் தீட்டுவார். போன வருடம் அவர் கை நடுங்கியதால் தூரிகையை என்னிடம் கொடுத்தார். எனக்கு அந்த எழுத்து தெரியாது. மேலிருந்து கீழே, இடமிருந்து வலம் என்று அவர் விரலால் காற்றில் வரைந்து காட்டக் காட்ட, நான் கோட்டுக்குள் வண்ணத்தை இழுத்தேன். முடித்ததும், "இதுதான் எங்கப்பா பேரு" என்றார்.

அப்புறம் படையல். வேகவைத்த கோழி, ஆரஞ்சு, குவே பலகாரம், மூன்று கிண்ணம் தேநீர். நம் வீட்டுப் படையலுக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பா சாப்பிட்டு முடித்தாரா என்று தெரிந்துகொள்ள இரண்டு காசைப் போட்டுப் பார்ப்பார். ஒன்று பூ, ஒன்று தலை விழுந்தால் முடித்துவிட்டார்; இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காகிதப் பணம், காகிதச் சட்டை, இப்போது காகிதக் கைபேசிகூடக் கொளுத்துகிறார்கள். வேகவைத்த மட்டியை அங்கேயே உட்கார்ந்து தின்று, ஓட்டை மண்மேட்டின்மேல் போடுகிறார்கள். சோழி மாதிரி அந்தக் காலத்துக் காசுக்கு அது ஈடு. கடைசியாக வண்ணக் காகிதத் துண்டுகளை மேடெல்லாம் பரப்பி, பறக்காமல் கல் வைப்பார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் தெரியும்: இவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது ஆண்ட்டி ஒரு கதை சொன்னார். ஏறக்குறைய 2,650 ஆண்டுகளுக்கு முன்னால், இன்றைய ஷான்ஷி மாநிலத்தில் ஜின் என்றொரு நாடு. அதன் இளவரசன் சோங் ஏர் 19 ஆண்டுகள் நாடு நாடாக அலைந்தான். பசியில் அவன் விழுந்தபோது, உடன்போன ஜியே ஸிதுய் தன் தொடைச் சதையை அறுத்துச் சாறு வைத்துக் கொடுத்தான். இளவரசன் திரும்பிவந்து அரசனானதும் எல்லோருக்கும் பதவி கொடுத்தான், ஜியேயை மறந்துவிட்டான். ஜியே எதுவும் கேட்கவில்லை. வயதான தாயோடு மியான் மலைக்குப் போய்விட்டான். பிறகு நினைவு வந்து அரசன் தேடிப்போனான். ஆள் வெளியே வரவில்லை. புகைக்குப் பயந்து வருவான் என்று மலைக்குத் தீ வைத்தார்கள். தீ அணைந்தபோது தாயும் மகனும் ஒரு வில்லோ மரத்தடியில் கரிந்து கிடந்தார்கள். அந்த நாளில் யாரும் அடுப்பு மூட்டக்கூடாது, ஆறிய சோறுதான் சாப்பிட வேண்டும் என்று அரசன் ஆணையிட்டான்.

பழைய வரலாற்று நூலில் ஜியே ஒளிந்து வாழ்ந்து இறந்தான் என்பது மட்டும்தான் இருக்கிறது. தொடைச் சதையும் தீயும் பிறகு சேர்ந்தவை. அந்த ஆறிய சோற்று நாளில் கல்லறைக்குப் போகும் பழக்கம் மக்களிடம் வளர்ந்தது. 732இல் தாங் பேரரசர் சுவான்சோங் அதை முறைப்படி அனுமதித்தார். அந்த நாள் சிங்மிங்குக்கு ஒட்டினாற்போல் வருவதால் காலப்போக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. 2008 முதல் சீனாவில் அன்றைக்கு அரசு விடுமுறை.

ஆண்ட்டி கதையை முடித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. என்னை இங்கே அனுப்ப ஏஜெண்டுக்குக் கட்டுவதற்காக அப்பா மூணு மா நஞ்சையை அடகு வைத்தார். அந்த நிலம் எங்கள் கைக்குத் திரும்பவே இல்லை. அப்பா அதைப் பற்றி ஒருநாளும் போனில் பேசியதில்லை. 2020இல் விமானமெல்லாம் நின்றிருந்தபோது அவர் போனார். தம்பி குடம் உடைத்ததைக் கைபேசியில் பார்த்தேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்கு வந்து, அப்பாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். இடுகாடு முழுக்கக் கருவைக் காடு. முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே போனோம். ஒரு இடத்தில் தம்பி நின்று, "இங்கதாண்ணே எங்கயோ" என்று கையைக் காட்டினான். அவன்மேல் குற்றம் இல்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு யாருமே அந்தப் பக்கம் போவதில்லை, நானும் போனதில்லை.

நாம் செத்தவர்களை மறக்கிறவர்கள் இல்லை. அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம், ஆற்றில் எள்ளும் தண்ணீரும் விடுகிறோம், படத்துக்கு மாலை போடுகிறோம். அவர்கள் படுத்திருக்கும் மண்ணை மட்டும் தீட்டு என்று ஒதுக்கிவிட்டோம். நடுகல் நட்டுக் கும்பிட்டவர்களின் பிள்ளைகள்தான் நாம். நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவதை வருடாவருடம் பார்க்கிறோம். இங்கே சிங்கப்பூரில் மண்ணுக்குப் பஞ்சம். இப்போது புதைக்கிறவர்களுக்கு 15 ஆண்டுதான் இடம். புக்கிட் பிரவுனிலேயே சாலைக்காக 3,700க்கும் மேற்பட்ட கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். இருக்கும் கொஞ்சத்தையும் சீனர்கள் கூட்டிப் பெருக்குகிறார்கள். நமக்கு மண் கிடக்கிறது, போய்ப் பார்க்க ஆள் இல்லை.

இன்னொன்றையும் மனம்விட்டு எழுதுகிறேன்; கோபப்படாதீர்கள். நம் ஊரில் இடுகாடு இரண்டு. ஆற்றோரத்தில் மேலத்தெருக்காரர்களான நமக்கு ஒன்று, வாய்க்காலுக்கு அப்பால் கீழத்தெருவுக்கு ஒன்று. அவர்களுடையதற்குப் பாதை கிடையாது. நடவு முடிந்த வயலில் முழங்கால் சேற்றில் இறங்கித்தான் தூக்கிப்போகிறார்கள். நம் வீட்டுச் சாவுக்கும் குழி வெட்டியது அந்தத் தெருதான். சீனர்களும் ஹொக்கியன், தியோச்சியூ, கான்டனீஸ், ஹக்கா என்று தனித்தனி இடுகாடு வைத்திருந்தவர்கள்தான். 1922இல் நகராட்சி புக்கிட் பிரவுனைத் திறந்தபோது, எந்தப் பிரிவானாலும் சீனர் எல்லோருக்கும் பொது என்று ஆனது. ஆண்ட்டியின் அப்பாவுக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார், எந்தப் பிரிவு என்று ஆண்ட்டிக்கே தெரியாது. அந்தக் கல்லுக்கும் ஒரு ஊதுபத்தி வைத்துவிட்டுத்தான் வருவார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். வரும் தை அமாவாசைக்கு முந்தின இரண்டு நாளும் ஊரே இறங்குவோம். முதல் நாள் வாய்க்காலுக்கு அப்பால். அங்கே போகும் வழியில் நிலம் வைத்திருப்பவர்கள் மூன்று வீட்டுக்காரர்கள். ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை விடும்படி அவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். இரண்டாம் நாள் ஆற்றோரம். பொக்லைன் வாடகையும் இரண்டு நாள் சாப்பாட்டுச் செலவும் இங்கிருக்கும் எங்கள் பொறுப்பு. கருவையை வேரோடு எடுக்க இயந்திரம் வேண்டும். அதன்பிறகு அவரவர் வீட்டுப் பெரியவரின் இடத்தை அவரவர் கையால் சுத்தம் செய்ய வேண்டும். அந்த வேலையைக் கீழத்தெருவின் தலையில் கட்டக்கூடாது. பெண்களும் வரட்டும். அம்மாவைப் புதைத்த இடத்தை மகள் பார்க்கக்கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

நான் மண்வெட்டியோடு வருகிறேன். 2020இல் அப்பாவைத் தூக்கிப்போன நாலு பேரும், குழி வெட்டிய அண்ணனும் அன்றைக்கு என்னோடு வர வேண்டும். தலைமாடு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத்தான் நினைவிருக்கும். இடத்தைக் காட்டுங்கள். ஒரு கல்லை நட்டு, அவர் பெயரை என் கையால் எழுதிவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து
மேலத்தெருப் பிள்ளை