மருத்துவமனைக் கட்டடத்திலும் இஹ்ஸான்



புதிய மருத்துவமனை திறக்கப்பட்டால் அதன் கண்ணாடி முகப்பையும் பளிங்குத் தரையையும் வியக்கிறோம். அக்கட்டடம் நோயாளிக்கு என்ன நன்மை செய்கிறது என்று கேட்பவர் குறைவு.

வங்கதேசத்தின் சாத்கீரா மாவட்டத்தில், கடலோரச் சிற்றூர்ப் பகுதியில், 80 படுக்கைகள் கொண்ட ஃப்ரெண்ட்ஷிப் மருத்துவமனை உள்ளது. வடிவமைத்தவர் காஷிஃப் சௌத்ரி. அங்கு நிலத்தடி நீர் உவர்ப்பானது. ஆதலால் மழைநீரைச் சேகரிக்கும் வாய்க்கால் ஒன்று வளாகத்தின் ஊடே செல்கிறது. அதுவே புறநோயாளிகளின் பகுதியை உள்நோயாளிகளின் பகுதியிலிருந்து பிரிக்கிறது, வெப்பத்தையும் தணிக்கிறது. சுவர்கள் உள்ளூர்ச் செங்கல். முற்றங்கள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கான சர்வதேசப் பரிசை, பெர்லின் அருங்காட்சியகக் கட்டடத்தையும் கோபன்ஹேகன் பாலத்தையும் விடுத்து, இவ்வெளிய மருத்துவமனைக்கே வழங்கியது. நம் நாட்டிலும் மகாராஷ்டிரத்தின் லாசூரில் உள்ள தொழுநோய் மருத்துவமனை 1998இல் ஆகா கான் கட்டடக்கலை விருதைப் பெற்றது.

இது நமக்குப் புதிதன்று. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் நோய்வாரியாகத் தனித்தனிக் கூடங்கள் இருந்தன. வக்ஃப் வருமானத்தில் ஏழை, செல்வர் என்ற பேதமின்றிச் சிகிச்சை நடந்தது.

“மருந்துக்கே பணமில்லாதபோது கட்டட அழகு எதற்கு?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். ஆனால் காசநோய் காற்றில் பரவுவது. காற்றோட்டமே அதற்கு ஒரு தடுப்பு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் மருத்துவமனைகளின் இயற்கைக் காற்றோட்டத்திற்கென்றே வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. சன்னல் ஆடம்பரமன்று. வெயிலை உள்ளே இழுத்து, பின் ஏ.சி.க்கு மின்கட்டணம் கேட்கும் கண்ணாடிச் சுவரே வீண்விரயம்.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து உழைப்போருள் பலர் வெளிமாநிலத்தவர். நோயுற்றால், உடன் வருபவர் தங்க உறவினர் வீடு இராது. ஆகவே ஜமாஅத்தோ அறக்கட்டளையோ மருத்துவமனை கட்ட நன்கொடை கேட்கும்போது, வரைபடத்தையும் கேட்டுப் பாருங்கள். எதிரெதிர்ச் சன்னல்கள் உண்டா? துணைக்கு வருபவர் படுக்க இடம் உண்டா? தாய்மார் பாலூட்ட மறைவிடம், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம், ஒளூச் செய்து தொழ ஓரிடம் உண்டா?

இஹ்ஸான் என்பது செய்வதைச் செம்மையாகச் செய்தல். நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. அவர் நிம்மதியாக மூச்சுவிடும் அறையைக் கட்டுவதும் அவ்வழிப்பட்டதே. அத்தகைய கட்டடத்தையே நாம் பாராட்டுவோமாக.