நெய்வேலிக்கு எத்தனை எழுத்து?

நோட்பேடில் 'நெய்வேலி' என்று யுனிகோடு முறையில் டைப் செய்யுங்கள். கடைசியில் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸ் கீயை ஒரு முறை தட்டுங்கள். 'லி' முழுதாக அழியாது. கொக்கி மட்டும் போய் 'நெய்வேல' என்று நிற்கும். நமக்கு 4 எழுத்து; கம்ப்யூட்டருக்கு 8 குறியீடுகள். ந, ஒற்றைக்கொம்பு, ய, புள்ளி, வ, இரட்டைக்கொம்பு, ல, கொக்கி என்று தனித்தனியாகத்தான் அது சேமிக்கிறது.

ப்ரோகிராம் கற்பவர்கள் எல்லோருக்கும் தரப்படும் ஆரம்பப் பயிற்சி ஒன்று உண்டு. ஒரு ஸ்ட்ரிங்கை, அதாவது எழுத்துகளின் வரிசையை, லூப் போட்டு ஒவ்வொரு எழுத்தாக எடுப்பது. ஆங்கிலச் சொல் என்றால் சிக்கல் இல்லை. பைத்தானில் அதே லூப்பை 'விகடகவி'க்குப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். கொக்கி தனியாக முன்னால் வந்து தொங்கும். இரு பக்கமும் ஒன்றாகப் படிக்கிற சொல்லை, 'இல்லை' என்று ப்ரோகிராம் சாதிக்கும்!

இது வெறும் விளையாட்டு அல்ல. நெய்வேலியில் ஒரு பள்ளியின் பரிசுச் சான்றிதழுக்கு நான் ப்ரோகிராம் எழுதித் தந்தேன். பெயருக்கு 12 எழுத்து போதும் என்று நினைத்தேன். 'செந்தில்குமார்' 7 எழுத்துதானே? அச்சில் வந்தது 'செந்தில்குமா'. அந்தப் பெயருக்கு 14 குறியீடுகள். மேடையில் சான்றிதழை வாங்கிய பையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு கம்ப்யூட்டருடையது அல்ல, என்னுடையது.

யுனிகோடில் தமிழுக்கு 128 இடங்கள்தான். 247 எழுத்துகளுக்கும் தனி இடம் தராமல், 1988ஆம் ஆண்டின் 'இஸ்கி' முறையைப் பின்பற்றி மெய்யையும் துணைக்குறியையும் பிரித்து வைத்தார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ் 16' முறையையும் 2010ல் தமிழக அரசு ஏற்றது. அதில் லூப் எளிது என்பது உண்மை. ஆனால் போனும் இணையமும் யுனிகோடில் நிலைத்துவிட்டன. இனி குறியீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. லூப்பைத் திருத்துவதே வழி.

அது கடினமும் அல்ல. ஒவ்வொரு குறியீடாக எடுங்கள். வந்தது துணைக்குறியோ புள்ளியோ என்றால் முந்தையதோடு ஒட்டுங்கள்; இல்லையென்றால் புது எழுத்தைத் தொடங்குங்கள். 'க்ஷ' போன்ற ஒருசில கிரந்த எழுத்துகளுக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். எழுத வேண்டாம் என்றால் பைத்தானுக்கு 'ஓபன் தமிழ்' என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது.

என் கருத்து இதுதான்: தமிழ்நாட்டில் லூப் சொல்லித்தரும் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பயிற்சியே மாணவர் தன் பெயரைத் தமிழில் எண்ணுவதாக இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் எழுதுபவர்களும் வெளியிடும் முன் ஒரு தமிழ்ப் பெயரைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நீங்களும் இன்றே உங்கள் பெயரை டைப் செய்து பேக்ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். எங்காவது ஒரு விண்ணப்பத்தில் உங்கள் பெயர் பாதியில் நின்றால், பெயர் நீளம் என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். அவர்கள் எண்ணியதுதான் தவறு.