பொதுச்சுவரும் புதுவீடும்: நகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

கனம் பொருந்திய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

காவிரிக்கரையிலுள்ள இவ்வூரின் பழைய தெருவொன்றில், மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்துக்குச் சொந்தமான ஓட்டு வீட்டில் வசித்துவரும் நான், எங்களுக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு, அவ்விடத்தில் மாடியுடன் கூடிய புதிய கிருகம் ஒன்றை நிர்மாணிக்க அதன் சொந்தக்காரர் உத்தேசித்திருப்பது சம்பந்தமாக, என் ஆட்சேபங்களைத் தங்கள் சமூகத்தில் பகிரங்கமாகவே சமர்ப்பிக்கிறேன். கும்பகோணத்திலும் திருவையாற்றிலும் ஸ்ரீரங்கத்திலும் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் பழைய தெருக்களில் வாழும் பல குடும்பங்களுக்கு இதே கவலை இன்று இல்லாவிட்டாலும் நாளை வரும் என்பதாலேயே, இதை மனுவாக மட்டும் கொடுத்துவிட்டு இருக்க மனம் ஒப்பவில்லை.

அவர் வீடு கட்டுவதில் எனக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. குடும்பம் பெருகி, இடம் போதாமல் தவிப்பவர் தம் சொந்த மனையில் விசாலமாக ஒரு வீடு எழுப்ப நினைப்பது முற்றிலும் நியாயம். நான் ஆட்சேபிப்பது கட்டப்போகும் விதத்தை.

எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது ஒரே சுவர். சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டிய அந்தச் சுவரின் வடபக்கத்தில் எங்கள் உத்தரங்களும் தென்பக்கத்தில் அவர்களுடைய உத்தரங்களும் ஊன்றியிருக்கின்றன. எங்கள் பரண்மேல் ஏறிப் பார்த்தால், காரை பெயர்ந்த ஓரிடத்தில் அவர்கள் வீட்டு உத்தரத்தின் முனையே கண்ணுக்குத் தெரியும். இடிக்கும்போது அந்த உத்தரங்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தால், சுவர் ஆட்டம் கண்டுவிடும். அதன்பின், வரைபடத்தில் கண்டிருக்கிறபடி அச்சுவரின் ஓரத்திலேயே தண்ணீர்த் தொட்டிக்காக ஏழடிப் பள்ளம் வெட்டினால், பழைய அஸ்திவாரம் அவ்வளவு ஆழம் இறங்காததாலும், அடிமண் ஆற்று வண்டலும் மணலும் கலந்ததாலும், ஒரு நல்ல மழைக்கே சுவரின் கீழுள்ள மண் சரிந்து பள்ளத்தில் இறங்கிவிடும் என்று அனுபவமுள்ள கொத்தனார்கள் அஞ்சுகிறார்கள்.

கொல்லை மதிலின் நடுவே, இரு வீட்டாரும் அவரவர் பக்கத்திலிருந்து இறைத்துக்கொள்ளும் பொதுக்கிணறு ஒன்று இருக்கிறது. அதில் தம் பாதியைத் தூர்த்து அதன்மேல் கழிவறை கட்டப்போகிறார்கள். பாதிக் கிணறு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. ஒரு பக்கம் தூர்ந்தால் மறுபக்கமும் தூர்ந்ததுதான். ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீரைச் சேமிக்க வேண்டுமென்று 2003-இல் சட்டம் செய்த ராஜ்யத்தில், அந்த நீரை ஏற்று நிலத்துக்குள் இறக்கத் தகுந்த கிணற்றை மண்ணிட்டு மூடுவதற்கு அனுமதி அளிப்பது தர்மமாகாது.

1882-ஆம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, இருபது வருஷம் இடையூறின்றி ஒரு கட்டடம் அனுபவித்துவந்த வெளிச்சத்தையும் காற்றையும், அண்டை நிலம் அதற்கு அளித்துவந்த ஆதாரத்தையும் பாத்தியதைகளாக அங்கீகரிக்கிறது. திறந்த வெளிக்கு வரும் வெளிச்சத்துக்கு அத்தகைய பாத்தியதை இல்லையென்று 17-ஆவது பிரிவு சொல்வதால், மார்கழி, தை மாதங்களில் புதிய மாடியின் நிழல் எங்கள் முற்றத்தை மறைக்கப்போவதைப் பற்றி நான் முறையிடவில்லை. ஆனால் எங்கள் சமையலறையின் ஒரே சன்னலை அடைத்துக்கொண்டு சுவர் எழும்புவதும், பொதுச்சுவரின் ஆதாரம் பறிபோவதும் சட்டத்துக்கே விரோதம். இப்பாத்தியதைகளை ஸ்தாபிக்க நீதிமன்றம் இருக்கிறது. எனினும் வழக்கு நடந்து நஷ்டஈடு கைக்கு வரும் காலத்தில், அந்தச் சுவரும் அதன் கீழ் உறங்கியவர்களும் என்ன ஆகியிருப்பார்கள்?

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சுயசான்று முறையின்படி, 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீட்டுக்கு, முன்கூட்டிக் கள ஆய்வு இல்லாமலே உடனடி அனுமதி கிடைக்கிறது. லஞ்சத்துக்கும் அலைச்சலுக்கும் இடமில்லாமல் ஏழை எளியவர் வீடு கட்டிக்கொள்ள அது பேருதவி என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், பொதுச்சுவர் உள்ள இடத்தில் ஒருவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் சான்று, சுவரின் மறுபக்கத்தில் இருப்பவருக்காகவும் பேசிவிட முடியாது.

ஆகவே, இடிப்பு வேலை தொடங்குமுன் தங்கள் பொறியாளர் ஒருவர் எங்கள் இரு வீடுகளுக்கும் வந்து பொதுச்சுவரையும் கிணற்றையும் நேரில் பார்க்கவும், தொட்டிப் பள்ளத்தைச் சுவரைவிட்டு விலக்கி வெட்டவும், உத்தரங்களை எடுக்கும்போது சுவருக்கு முட்டுக்கொடுக்கவும், கிணற்றை உள்ளபடியே விடவும், சன்னலுக்கு எதிரே போதிய இடைவெளி விடவும் நிபந்தனை விதிக்குமாறு பிரார்த்திக்கிறேன். பொதுச்சுவர் உள்ள எல்லா மனைகளுக்கும் கள ஆய்வையும் அண்டை வீட்டாருக்கு முன்னறிவிப்பையும் கட்டாயமாக்கும்படி அரசுக்குத் தாங்கள் சிபாரிசு செய்வீர்களாயின், இத்தெருக்களில் புது வீடுகளும் எழும்பும், பழைய வீடுகளும் நிலைத்து நிற்கும்.

இங்ஙனம்,
தங்கள் நகரத்துப் பிரஜை ஒருவன்