தளர்ந்த வில்

ஐந்து பேருக்கென்று கட்டப்பட்ட அம்பாசிடர் காரில் ஒன்பது பேர் ஏறிக்கொண்டு, பின்பெட்டியில் சீர்வரிசைப் பாத்திரங்களையும் ஒரு மூட்டை அரிசியையும் திணித்து, மூட மறுத்த கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, திட்டக்குடியிலிருந்து தொழுதூருக்கும் அங்கிருந்து திருச்சிக்கும் கல்யாணத்துக்குப் போய்வந்த காலத்தைப் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் நம் தாலுகாவில் இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்தக் கார்களுக்கெல்லாம் பொதுவான லட்சணம் ஒன்று உண்டு. பாரம் இறங்கிய பிறகும் பின்புறம் தாழ்ந்தே இருக்கும். சமதரையில் நிறுத்தினாலும் மேடேறும் தோரணை மாறாது. என் வசம் உள்ள 1977ஆம் வருஷத்து மார்க் 3 வண்டியும் அந்தத் தோரணையில்தான் நெடுநாள் நின்றுகொண்டிருந்தது. அதன் பின்வில்களைக் கழற்றிவிட்டுப் புதியவை பூட்டிய விஷயத்தையே இந்த வாரம் எழுத உத்தேசம். யந்திர விஷயம் என்று வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வில்வண்டியில் ஏறிய பாட்டனாரைப் பெற்ற குடும்பங்களுக்கு இது அந்நியமான சங்கதி அல்ல.

வெள்ளாற்றங்கரை மிராசுதார் வீடுகளில் ஒரு காலத்தில் நின்ற வில்வண்டிகளை நினைத்துப் பார்த்தால் போதும். நெல் மூட்டை ஏற்றும் கட்டைவண்டி அச்சின்மேல் நேராக உட்கார்ந்திருக்க, பெண்டுபிள்ளைகள் பிரயாணம் செய்யும் கூண்டுவண்டிக்கு மட்டும் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு ஒன்று இருந்தது. லண்டனில் கோச்சு வண்டி செய்துவந்த ஒபதையா எலியட் என்பவர் 1804இல் காப்புரிமை பெற்ற நீள்வட்ட வில்லின் வம்சம்தான் அது. அதன் பாதியாகிய அரை நீள்வட்ட வில்லே பின்பு மோட்டார் வாகனங்களுக்கு வந்து, லாரிக்கும் பஸ்ஸுக்கும் காருக்கும் பொதுவாயிற்று. பம்பாயின் பிரீமியர் பத்மினிக்குப் பின்னால் இருந்ததும் அதுவே. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் அதே அடுக்கு குறுக்குவாட்டில், ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரைக்கும் கிடந்தது. பட்டறைக்காரர்கள் இதைப் பட்டை என்பார்கள். அவர்கள் வழக்கையே நானும் இடையிடையே கைக்கொள்கிறேன்.

அம்பாசிடரின் பூர்வோத்தரம் பலரும் அறிந்ததே. 1942இல் பி. எம். பிர்லா தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி, குஜராத்தின் ஓகா துறைமுகத்தை விட்டு 1948இல் கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவுக்குப் பெயர்ந்து, ஐம்பதுகளின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உற்பத்திக் கருவிகளைக் கொண்டு இதைச் செய்யத் தொடங்கி, 2014 மே மாதம் வரையில் செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக இஞ்சின் மாறியது, முகப்பு மாறியது, உள்ளே இருந்த ஆசனங்கள் மாறின. பின்னால் பட்டை அடுக்கு மட்டும் ஸ்தானத்தை விட்டு அசையவில்லை. ஆலைக்காரரின் சோம்பல் என்று அதைச் சிலர் ஏளனம் செய்வார்கள். என் அபிப்பிராயம் வேறு. மழைக்குப் பிறகு வெலிங்டன் ஏரிப் பாசனத்துக் கிராமங்களின் வண்டிப்பாதையில் போய்வர வேண்டிய வாகனத்துக்கு, எந்த ஊர்க் கொல்லனும் பார்த்தமாத்திரத்தில் புரிந்துகொள்ளக்கூடிய அங்கத்தைவிட உத்தமமானது எது?

அந்த அடுக்கு செய்யும் காரியம் பாரம் தாங்குவது ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது. அம்பாசிடரின் பின்னச்சைப் பிடித்துக்கொள்ள வேறு கம்பியோ கையோ கிடையாது. அச்சை அதன் இடத்தில் நிறுத்துவதும், சக்கரம் தரையை உதைத்து உண்டாக்கும் தள்ளுவிசையை உடலுக்குக் கொண்டுசேர்ப்பதும், பிரேக் பிடிக்கும்போது அச்சு முறுக்கிக்கொள்ளாமல் தடுப்பதும் எல்லாம் இந்தப் பட்டைகளே. மெயின் பட்டையின் முன்நுனியில் வளையமாகச் சுருட்டிய கண் உடலோடு நிலையாகப் பூட்டப்பட்டிருக்க, பின்நுனிக் கண் ஷாக்கிள் என்னும் ஆடும் இணைப்பில் தொங்கும். பாரத்தில் வில் நிமிர்ந்து நீளும்போது அந்த நீளத்துக்கு வழிவிடுவது ஷாக்கிள். நடுவே ஒரு சென்டர் போல்ட் எல்லாப் பட்டைகளையும் கோத்து, அச்சு உட்கார வேண்டிய இடத்தை நிர்ணயிக்கிறது. அது அறுந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி, கார் நேரே போகாமல் சாய்ந்து சாய்ந்து போகும்.

ஒரே தடித்த பட்டையாக வைக்காமல் ஏன் மெல்லிய பட்டைகளை அடுக்கினார்கள் என்று கேட்கலாம். பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் கன அளவில் ஏறுகிறது. ஒரே மாதிரியான இரண்டு பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் விறைப்பு இரட்டிக்கும். அவ்விரண்டின் கனத்தையும் ஒரே பட்டைக்குக் கொடுத்தாலோ எட்டு மடங்காகிவிடும். ஆகவே வளையவும் வேண்டும், பாரமும் தாங்க வேண்டும் என்னும் இரண்டு கட்டளைகளுக்கும் அடுக்குதான் சமாதானம். அதோடு, வண்டி ஏறி இறங்கும்போது பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் ஆட்டமும் கொஞ்சம் அடங்குகிறது. துரு ஏறிவிட்டால் மட்டும் அந்த உராய்வே விரோதியாகிவிடும். பட்டைகள் ஒட்டிக்கொண்டு சிறு குழிகளின் அதிர்ச்சியை அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பிவிடும்.

வில் தளர்ந்துவிட்டது என்று நாம் சொல்வதில் ஒரு பிசகு இருக்கிறது. எஃகின் மீள்விசைக் குணம் வயதாவதால் குறைவதில்லை; பல்லாண்டு பாரத்திலும், அளவுக்கு மீறிய பாரத்திலும் வில் தன் வளைவைத்தான் நிரந்தரமாக இழக்கிறது. விறைப்பு அப்படியே இருக்க, நிற்கும் உயரம் குறைந்துவிடுவதால், சிறு மேடு வந்தாலும் அச்சு ரப்பர் முட்டில் போய் இடிக்கிறது. துரு தின்றிருந்தால் விறைப்பும் போகும்: கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால், நான் மேலே சொன்ன கணக்குப்படி, விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். என் வண்டிக்கு இரண்டு வியாதியும் சேர்ந்திருந்தது. எனக்கு முன் அதை வைத்திருந்தவர் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து ஃபியூஸ் கேரியர்களை வைக்கோலில் பொதிந்து, பின்சீட்டையே கழற்றிவிட்டு, ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டுவந்தவர். பீங்கானின் கனம் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பரிசோதனை சுலபம். நெல் உலர்த்தும் சிமெண்டுக் களத்தில் காரை நிறுத்தி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் இரு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். என் காரில் ஓட்டுநர் பக்கம் அதிகம் தாழ்ந்திருந்தது. தனியே ஓட்டிப் போகிறவர்களின் வண்டி பலவற்றில் இப்படித்தான்.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். தாழ்ந்த வண்டிக்கு நம் பக்கத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் வைத்தியம் இரண்டு. ஒன்று, பட்டைகளைக் கழற்றிப் பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைவைத் திருப்பிக் கொண்டுவருவது. மற்றொன்று, லாரிப் பட்டை ஒன்றை வெட்டி அடுக்கில் கூடுதலாகச் சொருகுவது. இரண்டுக்கும் தேநீர்க்கடையில் ஆதரவாளர்கள் நிறைய இருந்தார்கள். "இன்னொரு பட்டை சொருகிட்டா இன்னும் பத்து வருஷம் கவலையில்ல சார்" என்று ஒருவர் எனக்கு அபயம் கொடுத்தார். ஆனால் நான் நம்புகிற மேஸ்திரி, பெரும்பாலும் லாரி வேலையே செய்கிறவர், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "அடிச்சுத் தரச் சொன்னா தரேன் சார். மறுபடி உக்காந்துடும், மறுபடி எங்கிட்டதான் வருவீங்க. எனக்கு நல்லதுதான்" என்றார். ஒரு தொழிலாளி தன் வருமானத்துக்கு விரோதமாகச் சொல்லும் வார்த்தையைத் தட்டலாகாது என்பது என் சித்தாந்தம்.

அவர் சொன்னதற்குச் சாஸ்திரக் காரணமும் உண்டு. வில்லுக்கான எஃகில் அரை சதவீதத்துக்குச் சற்று மேல் கரியும், இரண்டு சதவீதத்தை நெருங்கும் சிலிக்கனும், ஒரு சதவீதத்தை ஒட்டி மாங்கனீஸும் உண்டு. அதைச் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் அமிழ்த்தி, பின்பு சுமார் 450 முதல் 500 டிகிரி வரையிலான மிதமான சூட்டில் பதப்படுத்தினால்தான் வளைவு நிலைக்கும். பச்சையாக அடித்த வளைவு பாரம் கண்டதும் போய்விடும். அடி விழுந்த இடத்தில் நுண்ணிய வெடிப்பும் கண்டுவிடலாம். கூடுதல் பட்டை சொருகுவது அதைவிட மோசம். உயரம் ஏறும், வாஸ்தவம். விறைப்பும் கூடிக் காலி வண்டி துள்ள ஆரம்பிக்கும். சொருகிய பட்டையின் வளைவு மற்றவற்றோடு பொருந்தாமையால், அதன் நுனி தொடும் இடத்தில் பழைய பட்டையின் மேல் பாரமெல்லாம் திரண்டு, ஒருநாள் பட்டென்று அங்கேயே முறியும். பழைய பொருளுக்கு ஒட்டுப்போட்டு உயிர் நீட்டிப்பதைச் சிக்கனம் என்றும் கருணை என்றும் நாம் பாராட்டுகிறோம். அச்சையே பிடித்துக்கொண்டிருக்கும் அங்கத்தின் விஷயத்தில் அது சிக்கனமும் அல்ல, கருணையும் அல்ல.

ஆகவே ஜோடியாகப் புதுவில் போடுவதென்று முடிவாயிற்று. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் கார் மறுபக்கம் சாயுமாதலால் ஜோடி என்பதில் சமரசத்துக்கு இடமில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் அம்பாசிடருக்கான சாமான்கள் இன்றும் கிடைக்கின்றன. கண்ணுக்குக் கண் உள்ள தூரம், சென்டர் போல்டிலிருந்து முன்கண் வரையுள்ள தூரம், பட்டையின் அகலம் இவற்றை அளந்து சொல்லி, வில்களையும் அவற்றின் கண்களுக்கான ரப்பர் புஷ்களையும் புதிய யு-போல்டுகளையும் லாரி பார்சலில் வரவழைத்தேன். பழைய யு-போல்டை மறுபடி பூட்டலாகாது என்பதை மேஸ்திரி விதியாகவே வைத்திருக்கிறார். அச்சையும் வில்லையும் சேர்த்துக் கட்டும் அந்தக் கம்பிகள் ஒருமுறை இறுகும்போதே இழுபட்டு, மரையும் தேய்ந்துவிடுகின்றன.

வேலையில் பெரும்பொழுதைத் தின்றது பழைய நட்டுகளைக் கழற்றியதுதான். முதல்நாள் மாலையே டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைத்தும் இரண்டு நட்டுகள் மசியவில்லை. பட்டறைப் பையன் கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்று சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தான். பெட்ரோல் டாங்கி பின்னாலேயே இருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி மேஸ்திரி அவனை அதட்டித் திருப்பியனுப்ப, ரம்பப் பிளேடுதான் பிறகு அந்தக் காரியத்தைச் செய்தது. காரின் பின்னுடல் தாங்கிகளின்மேல் நிற்க, அச்சின் கனத்தை மட்டும் தனியே ஒரு ஜாக்கி ஏந்திக்கொண்டிருக்க, துருவேறிய பழைய வில் தரையில் விழுந்தபோது மெயின் பட்டைக்கு அடுத்த பட்டை கண்ணுக்கருகில் ஏற்கெனவே பாதி விண்டிருந்தது தெரியவந்தது. வில்லைக் கழற்றியதும் மேஸ்திரி அது பூட்டியிருந்த இடங்களைச் சுற்றிலும் தரைத்தகட்டைச் சுத்தியால் தட்டிப் பார்த்தார். அம்பாசிடருக்குத் தனியே சட்டம் கிடையாது, உடலே சட்டம். அந்தத் தகடு துருவில் பொரிந்திருந்தால் தங்க வில் போட்டும் பிரயோஜனமில்லை. தெய்வாதீனமாக அது திடமாகவே இருந்தது.

புதுவில் வளைவு மிகுந்திருந்ததால் பின்கண் ஷாக்கிளை எட்டவில்லை. முன்கண்ணை முதலில் கோத்து, ஜாக்கியால் அச்சைச் சிறிது சிறிதாக உயர்த்தி வில்லை நிமிர்த்தியபோது கண் தானாகவே வழிக்கு வந்தது. பையன் உடனே எல்லாப் போல்டுகளையும் முறுக்கப் போனான். "தம்பி, வண்டி தரையில உக்காரட்டும்டா, அப்பறம் முறுக்கு" என்றார் மேஸ்திரி. மிக அற்பமாகத் தோன்றும் இந்தக் கட்டளையைப் பல பட்டறைகளில் பொருட்படுத்துவதில்லை. வில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே கண்களின் போல்டை இறுக்கினால், ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே சிறைப்பட்டு, கார் தரையில் இறங்கியதும் முறுக்கிக்கொண்டு, விரைவிலேயே கிழிந்துபோகும். சக்கரம் பாரம் ஏந்தி நின்ற பிறகே கடைசி முறுக்கு.

புதுவில் பூட்டிய கார் முதலில் சற்று உயரமாகவே நிற்கும்; பார்ப்பவர்கள் குறை சொல்வார்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதன் நிலைக்கு வந்துவிடும். என்னுடையது வந்துவிட்டது. பெண்ணாடம் சாலையில் கரும்பு டிராக்டர்கள் உழுதுவைத்த பள்ளங்களில் இப்போது அச்சு இடிப்பதில்லை. பின்னிருக்கையில் இருப்பவர்கள் பேச்சை நடுவில் நிறுத்துவதில்லை.

இன்னொரு விஷயம். ஐம்பது வருஷத்தைக் கடந்த கார்களுக்கென்று 2021இல் மத்திய சர்க்கார் தனி விதிகள் வகுத்து, வி.ஏ. என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண்ணும், புதிய பதிவுக்கு 20,000 ரூபாய்க் கட்டணமும் நிர்ணயித்திருக்கிறது. வாகனம் மூல ரூபத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நிபந்தனை. ஐம்பதை எட்டும் தறுவாயில் இருக்கும் வண்டிகளை வைத்திருப்பவர்கள், லாரிப் பட்டை சொருகி உருமாற்றுவதற்கு முன் அதையும் ஆலோசித்துக்கொள்ளட்டும்.

வில் மாற்றிக்கொள்ளப் போகிறவர்களுக்கு நான் செய்துகொள்ளும் விண்ணப்பம் இரண்டே. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி எவரையும் வண்டிக்கு அடியில் போகவிடாதீர்கள். தாங்கியோ கனத்த மரமுட்டோ கொடுத்த பிறகே வேலை தொடங்கட்டும். பூட்டிய பின் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்குத் திரும்பிப் போய், யு-போல்டு நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். அதற்கு எந்த மேஸ்திரியும் கூலி கேட்கமாட்டார்.